மண்டிக்காரரின் மூக்கு

புத்தூரில் குடியிருந்துகொண்டு கண்ணுக்குத் தெரியாத வலி வருவது பெரிய அவமானம். கை முறிந்தவர்களும் கால் முறிந்தவர்களும் எலும்புக் கட்டுக்காக எங்கெங்கிருந்தோ ரயிலேறி எங்கள் ஊருக்கு வருவார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு, மூங்கில் பத்தையோடு கடைத்தெருவில் நொண்டுவார்கள். அவர்களைக் கண்டால் டீக்கடைக்காரன் ஸ்டூலை இழுத்துப் போடுவான். நான் தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு போனால், "நீங்களும் ஒரு கட்டு போட்டுகினு வாங்களேன் மண்டிக்காரரே" என்பான். எனக்கு மூன்று வருஷம் தலை வலித்தது. மூன்று வருஷமும் இதே பகடிதான்.

இப்போது வலி இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி நாலு மாதம் ஆகிறது. தலைவலிதானே என்று தைலத்தைத் தடவிக்கொண்டு காலத்தை ஓட்டுகிற என் வயசுக்காரர்களுக்கு நடந்ததைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். சொல்லப்போனால் அந்த வலியால் நான் பட்டது கொஞ்சம்தான். என்னால் என் மருமகள் கன்னியம்மா பட்டதுதான் அதிகம். அதை விட்டுவிட்டு ஊசி, மருந்து, ஆபரேஷன் என்று மட்டும் எழுதினால் நான் யோக்கியன் மாதிரி தெரிவேன். அது வேண்டாம்.

எனக்கு அறுபத்தொரு வயது. புத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்குவார்கள். எண்ணெய் மில்காரர்கள் வாங்க வருவார்கள். நடுவில் நான். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளி, தோலை உடைத்து, பருப்பை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்து பார்ப்பேன். நல்ல சரக்கா, மழையில் நனைந்து காய்ந்ததா, பூசணம் பிடித்ததா, காறல் அடிக்கிறதா என்று ஒரே மோப்பத்தில் சொல்லிவிடுவேன். நான் சொன்னால் விற்கிறவனும் பேச மாட்டான், வாங்குகிறவனும் பேச மாட்டான். எங்கள் மண்டியில் அதுதான் வழக்கம். "மண்டிக்காரர் மூக்கு சொல்லிச்சு" என்றால் அதற்கு மேல் பஞ்சாயத்து கிடையாது. முப்பது வருஷம் அப்படி நடந்ததில் எனக்கு ஏறிய திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

என் மகன் ஏழுமலைக்குக் கல்யாணம் முடிந்த கையோடு குடும்பத்தோடு திருப்பதிக்குப் போய் முடி இறக்கினோம். மலையில் இருக்கும்போதே மேல் வரிசையில் வலது பக்கக் கடைவாயில் பல்வலி உயிரை எடுத்தது. கீழே இறங்கியதும், வீதி ஓரத்தில் கோணியை விரித்து உட்கார்ந்து பல் பிடுங்குகிற ஒருவரிடம் வாயைத் திறந்தேன். குறடு வைத்து முறுக்கினார். மளுக்கென்றது. பல் பாதிதான் வந்தது. "வேர் உள்ளயே நின்னுபோச்சு சாமி, அது தானா கரைஞ்சிடும்" என்றார். நானும் சரி என்று மொட்டைத் தலையோடு ஊர் வந்து சேர்ந்தேன்.

இரண்டு மாதம் கழித்து வலி ஆரம்பித்தது. முதலில் வலது கன்னத்தில் கனம். அப்புறம் கண்ணுக்கு மேலே, புருவத்து எலும்பில் நின்றது. காலையில் எழுந்தால் கொஞ்சம், வெயில் ஏற ஏற அதிகம். குனிந்தால் உயிர் போகும். என் தொழிலோ நாள் முழுக்க மூட்டையின் மேல் குனிகிற தொழில். சுக்கு அரைத்துப் பத்துப் போட்டேன். நொச்சித் தழையில் ஆவி பிடித்தேன். யாரோ சொன்னார்கள் என்று மஞ்சள் கிழங்கைச் சுட்டு நெற்றியில் சூடு கூட வைத்துக்கொண்டேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

வலியோடு ஒரு நாற்றமும் வந்தது. அழுகின நாற்றம். எலி செத்து மூன்றாம் நாள் வருமே, அது. சோற்றில் வந்தது, தண்ணீரில் வந்தது, படுக்கையில் வந்தது. கன்னியம்மா எங்கள் வீட்டுக்கு வந்த வருஷமும் அந்த நாற்றம் வந்த வருஷமும் ஒன்று. அவளுக்கு முன்னால் இல்லை, அவள் வந்த பிறகு இருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டேன். "இது இன்னா சோறா, செத்த எலியா?"

"இப்பத்தான் வடிச்சேன் மாமா. சூடு கூட ஆறல."

"அப்ப என் மூக்கு பொய் சொல்லுதுன்றியா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சந்தையே நம்புகிற மூக்கை ஒரு பத்தொன்பது வயதுப் பெண் எப்படி எதிர்த்துப் பேசுவாள்? அன்றையிலிருந்து எல்லாப் பாத்திரத்தையும் புளி போட்டு ஒரு தரம், சாம்பல் போட்டு ஒரு தரம் தேய்த்தாள். நான் முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் தேய் என்பேன். பாத்திரம் முடிந்து அவள் துணிக்கு வந்தேன். துணி முடிந்து அவள் உடம்புக்கே வந்தேன். நாளுக்கு மூன்று தரம் குளிக்க வைத்தேன். கைக்குழந்தைக்காரி, மார்கழிப் பனியில் ஈரத் தலையோடு நின்றாள். சாப்பாட்டை மாட்டுக்கொட்டகைப் பக்கம் எடுத்துக்கொண்டு போய் சாப்பிடச் சொன்னேன். அவள் கூடத்தைத் தாண்டிப் போனால் துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்வேன். உள்ளங்கை வெடித்து ரத்தம் கசிந்த கையோடுதான் எனக்குச் சோறு போட்டாள். "கை பட்டு ரத்த வாடை" என்று அதற்கும் திட்டினேன்.

இதைப் படிக்கிறவர்கள் என்னைக் காறித் துப்பலாம். வலி மனுஷனை மிருகமாக்கிவிடும் என்று சொல்லித் தப்பிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அதே வலியோடு மில்காரர்களிடம் பல்லைக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். வீட்டில் எதிர்த்துப் பேச ஆளில்லாத இடத்தில்தான் மிருகம் ஆனேன்.

பேத்திக்கு ஒன்றரை வயது ஆனபோது நான் மூக்கைப் பொத்துவதைப் பார்த்து அவளும் பழகிக்கொண்டாள். அம்மா தூக்க வந்தால் சட்டை நுனியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரிப்பாள். அதைப் பார்த்து நானும் சிரித்தேன். கன்னியம்மா நீட்டிய கையை இழுத்துத் தன் மூக்குக்கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாள். அதற்குப் பிறகு அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. உள்ளங்கையை முகருவாள், முந்தானையை முகருவாள், அப்புறம்தான் குழந்தையைத் தொடுவாள்.

கடைசியில் அவள் அப்பாவை வரவழைத்தேன். திருத்தணியிலிருந்து இரண்டு மைல் உள்ளே அவர்கள் ஊர். நாலு பேரை வைத்துக்கொண்டு சொன்னேன். "உன் பொண்ணு ஒடம்புல என்னமோ கோளாறு இருக்குது. மூணு வருசமா மூக்கப் புடிச்சுகினு சோறு துன்றேன். கூட்டிகினு போ."

அவர் மகளைப் பார்த்தார். "இன்னாம்மா இது?"

"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும் நைனா" என்றாள்.

அவள் அழுதிருந்தால் கூட எனக்குச் சந்தேகம் வந்திருக்குமோ என்னவோ. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு துணி மூட்டையோடு கிளம்பிப் போனாள். ஏழுமலை தூணைச் சுரண்டிக்கொண்டு நின்றான். என்னைக் கேள்வி கேட்கிற மாதிரி நான் அவனை வளர்க்கவில்லை.

அவள் போன பிறகும் நாற்றம் போகவில்லை. சுவரில் ஊறிவிட்டது என்றேன். வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தோம். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் மண்டியில் குனிந்தவன் அப்படியே மூட்டையின் மேல் விழுந்தேன். வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. காய்ச்சல் கொதித்தது. ஏழுமலையும் என் மனைவி ராஜம்மாவும் என்னை பஸ்ஸில் ஏற்றிச் சித்தூருக்குக் கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவ்வளவு கூட்டம். அந்தச் சமயம் இரண்டு ராஜ்ஜியத்துக்கும் நடுவே எல்லைக்கோடு போடுகிற பேச்சு உச்சத்தில் இருந்தது. திருத்தணி சென்னைப் பக்கம் போகிறது, புத்தூர், நகரி ஆந்திராவோடு நிற்கிறது என்று தமிழிலும் தெலுங்கிலும் கத்திக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் விரல் வைக்க இடமில்லை. நான் போய் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் ஆட்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பெஞ்சே காலி. வயசுக்கும் தலைப்பாகைக்கும் மரியாதை கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வார்டிலும் அதேதான். பக்கத்துக் கட்டில்காரர், மதனப்பள்ளிப் பக்கத்துக் கிழவர், நர்ஸிடம் ஏதோ முணுமுணுத்தார். என் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்க் கோடியில் ஜன்னல் ஓரமாகப் போட்டார்கள். "பாத்தியா, காத்தோட்டமா இடம் குடுத்துட்டாங்க" என்று ராஜம்மாவிடம் பெருமையடித்தேன். அவள் எழுந்து ஜன்னலை இன்னும் அகலத் திறந்துவிட்டாள்.

டாக்டர் நெல்லூர்க்காரர், சின்ன வயசு. என்னோடு தமிழில் பேச முயற்சி செய்வார், பாதியில் தெலுங்குக்குப் போய்விடுவார். என்னைப் பெத்தாயனா என்று கூப்பிடுவார், பெரியவரே என்கிற மாதிரி. கன்னத்தை அழுத்தினார், நான் அலறினேன். பல் எப்போது எடுத்தது என்று கேட்டார். தலைவலிக்கு வந்தவனிடம் பல்லைப் பற்றி எதற்குக் கேட்கிறான் என்று எனக்கு எரிச்சல்.

ஜன்னலை எல்லாம் சாத்தி இருட்டாக்கிய ஒரு அறைக்குக் கூட்டிப் போனார். ஒரு சின்ன பல்பை என் வாய்க்குள் வைத்து உதட்டை மூடச் சொன்னார். ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். என் இடது கன்னம் உள்ளிருந்து செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தது. வலது கன்னம் கரிக்கட்டை. ஒரே முகத்தில் பாதிக்குத்தான் விளக்கு ஏற்றியிருந்தது. பின்னால் நின்ற ஏழுமலை "நைனா" என்றான், அவ்வளவுதான்.

டாக்டர் விளக்கிச் சொன்னார். மூக்குக்கு இரண்டு பக்கமும், கன்னத்து எலும்புக்குள் ஒவ்வொரு அறை இருக்கிறதாம். அதைத்தான் சைனஸ் என்கிறார்கள். உள்ளே வெறும் காற்றுதான் இருக்க வேண்டும். மூக்குக்குள் திறக்கிற ஒரு சின்ன வழியாக அது சுத்தமாகிக்கொண்டிருக்கும். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் அந்த அறையின் தரையை ஒட்டித்தான் நிற்கிறது. பிடுங்கும்போது உடைந்த வேர் மேலே ஏறி அறைக்குள் போய்விட்டால், அங்கேயே கிடந்து அழுகும். சீழ் கட்டும். வழி அடைத்துக்கொள்ளும். வயசானவர்களுக்குத் தலைவலி என்று தைலம் தடவியே வருஷங்கள் போய்விடும் என்றார். எக்ஸ்ரே எடுக்கப் பலகையில் மூக்கையும் தாடையையும் பதித்து மூச்சை அடக்கச் சொன்னார்கள். படத்தில் வெள்ளையாக மூடிக் கிடந்த கன்னத்துக்கு நடுவே ஒரு கீற்றை விரலால் காட்டினார். "இதோ, மீ... உங்க பல்லு வேரு."

மறுநாள் கழுவினார்கள். மரத்துப்போகிற மருந்தில் நனைத்த பஞ்சை மூக்கில் திணித்து அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்புறம் தடித்த ஊசி ஒன்றை மூக்கு வழியாக விட்டு, எலும்பில் வைத்து அழுத்தினார் டாக்டர். "கொஞ்சம் ஓர்ச்சுக்கோங்க பெத்தாயனா" என்றார். பொறுத்துக்கொள் என்கிறார் என்று புரிவதற்குள் தலைக்குள் மொடுக்கென்று ஒரு சத்தம். வலி அவ்வளவு இல்லை, அந்தச் சத்தம்தான் தாங்க முடியவில்லை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை உள்ளே அடித்தார். என் கையிலேயே ஒரு தட்டைக் கொடுத்துத் தாடைக்குக் கீழே பிடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

வந்தது. திரிந்த பால் மாதிரி, மஞ்சளும் பச்சையுமாகத் தட்டில் கொட்டியது. நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கதவோரம் நின்ற வார்டு ஆள் வெளியே போய்விட்டான்.

எனக்கு மட்டும் அது புது நாற்றமாக இல்லை. மூன்று வருஷம் நான் சோற்றில் முகர்ந்தது, பாத்திரத்தில் முகர்ந்தது, கூடத்தைத் தாண்டிப் போனவள் மேல் முகர்ந்தது, எல்லாம் அந்தத் தட்டில் இருந்தது. என் கையில் தட்டு சாய்ந்தது. "பட்டுக்கோ, பட்டுக்கோ" என்று டாக்டர் அதட்டினார். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

முடிந்த பிறகு கேட்டேன். "டாக்டரே, இந்த நாத்தம் எத்தினி நாளா இருக்கும்?"

"பல்லு ஒடைஞ்சதுல இருந்து."

"வெளியே இருந்து வர்ற மாதிரி தெரியுமா?"

"மூக்குலயே உட்காந்து இருக்குது கதா, இல்லியா? எங்க போனாலும் கூடவே வரும். சோத்துல இருக்குதுன்னு நெனைப்பீங்க. எதிர்ல நிக்கற ஆளு மேல இருக்குதுன்னு நெனைப்பீங்க." கை கழுவிக்கொண்டே சொன்னார். அவருக்கு அது பாடத்தில் ஒரு வரி.

அன்று மத்தியானம் ராஜம்மா கட்டிலருகே உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் அவள் தரையில்தான் படுத்தாள். துண்டை நனைத்து என் கண்ணுக்கு மேல் மாற்றி மாற்றி வைத்தாள். ஏழுமலை பஸ் ஏறி வந்து எனக்குச் சவரம் செய்துவிடுவான், வீங்கின கன்னத்தில் கத்தி படாமல் செய்ய ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வான். இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில்தான் நான் கிடந்தேன்.

"என் வாயில நாத்தம் வந்தது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மூணு வருசமா அந்தப் பக்கம் திரும்பித்தான் படுத்துகினு இருக்கேன்."

"அந்தப் பொண்ண நான் அந்தப் பேச்சு பேசும்போது ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா? எனக்குத்தான் உதை வுழுந்திருக்கும்." கஞ்சியை ஒரு கரண்டி எடுத்து ஊதினாள். "அவ திட்டு வாங்கிகினு இருந்தா. நான் சும்மா இருந்துட்டேன். வாயத் தெறங்க."

திறந்தேன். அவள்மேல் கோபம் வந்தது, ஆனால் கோபப்படுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை? நாற்பது வருஷமாக வாயைத் திறந்தால் அடி என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தவன் நான். அவள் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தாள்.

இரண்டு தரம் கழுவியும் நிற்காததால் ஆபரேஷன் செய்தார்கள். மேல் உதட்டைத் தூக்கி, ஈறைக் கீறி, கன்னத்து எலும்பில் ஜன்னல் மாதிரி வெட்டித் திறந்தார்கள். இடத்தை மட்டும்தான் மரத்துப்போக வைத்தார்கள். காது நன்றாகக் கேட்டது. உளி வைத்துத் தட்டுகிற சத்தம் மண்டை முழுக்க ஓடியது. சீழோடு உள்ளே வளர்ந்திருந்த சதையையும் சுரண்டி எடுத்தார்கள். கடைசியில் டாக்டர் இடுக்கியில் ஒன்றைப் பிடித்து என் கண் முன்னால் காட்டினார். கறுத்துப்போன பல் வேர். பாதிக் கடலைப் பருப்பு அளவு கூட இல்லை.

அதற்குப் பிறகு வேளை தவறாமல் பென்சிலின் ஊசி. உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. கன்னத்துக்குள்ளே திணித்திருந்த நாடாத் துணியை மூன்றாம் நாள் மூக்கு வழியாக இழுத்தார்கள். முழம் முழமாக வந்துகொண்டே இருந்தது. முடிந்தது என்று மூச்சு விட்டால் இன்னும் ஒரு முழம் வந்தது. மதனப்பள்ளிக் கிழவர் தன் கட்டிலில் இருந்தபடி எத்தனை முழம் என்று சத்தமாக எண்ணினார். எனக்கு அவரைக் கொல்ல வேண்டும் போலிருந்தது.

ஆனால் வலி போய்விட்டது. ஒரு நாள் காலையில் எழுந்தபோது தலை இருக்கிற இடமே தெரியவில்லை. குனிந்து செருப்பை மாட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் குனிந்து பார்த்தேன். சின்னப் பிள்ளை மாதிரி நாலு தரம் குனிந்து நிமிர்ந்தேன்.

அப்போதுதான் வார்டு ஆள் பினாயில் ஊற்றித் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தான். ராஜம்மா நெடி தாங்காமல் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். எனக்கு எதுவும் வரவில்லை. நர்ஸிடம் ஸ்பிரிட் பாட்டிலைக் கேட்டு வாங்கி மூக்கடியில் பிடித்தேன். தண்ணீரை முகர்கிற மாதிரி இருந்தது.

"கொஞ்சம் பேருக்குத் திரும்ப வரும், கொஞ்சம் பேருக்கு வராது" என்றார் டாக்டர். "வலி போச்சு, கண்ணு பொழைச்சது. சந்தோஷப்படுங்க." வேரை ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பருப்பை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்தேன். பருப்பும் மண்ணாங்கட்டியும் ஒன்றுதான். இதை ராஜம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மண்டியில் பழையபடி கையை மூக்குக்குக் கொண்டு போகிறேன், கண்ணால் நிறத்தைப் பார்த்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறேன். கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். நாற்றம் உள்ளே இருந்த மூன்று வருஷத்தில் எத்தனை பேருடைய நல்ல சரக்கைப் பூசணம் என்று தள்ளியிருப்பேன் என்பதை நினைத்துப் பார்க்கிற துணிச்சல் இன்னும் வரவில்லை.

கன்னியம்மாவைக் கூட்டி வர ஏழுமலையை அனுப்பலாம் என்றேன். ராஜம்மா விடவில்லை. "உங்க வாயால அனுப்பனீங்க. நீங்களே போயிட்டு வாங்க. தனியா போங்க."

ரயிலேறித் திருத்தணியில் இறங்கி நடந்தேன். அதற்குள் கோடு போட்டு முடித்து, அந்தப் பக்கம் முழுக்கச் சென்னையோடு சேர்ந்துவிட்டது. அவள் அப்பா வாசலில் வண்டிச் சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. "இன்னா மண்டிக்காரரே, கோட்டத் தாண்டி வந்துட்டீங்க? நாங்க இப்ப மெட்ராஸ். உங்க பஞ்சாயத்து இங்க செல்லாது." அப்புறம் என் ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, "உள்ள கீறா. பேசிட்டுப் போங்க" என்றார்.

கூடத்தில் பேத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து சிரித்தாள். சட்டை நுனியைத் தூக்கி மூக்கில் வைத்துக்கொண்டாள். தாத்தாவோடு விளையாடுகிற விளையாட்டு அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.

அவள் அப்பா வாசலிலிருந்து குரல் கொடுத்ததும் கன்னியம்மா பின்கட்டிலிருந்து வந்தாள். பத்தடி தள்ளியே நின்றாள். கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இளைத்துப் போயிருந்தாள். "வாங்க மாமா. அங்கயே உக்காருங்க, காத்து வரும்" என்றாள். நான் உட்காரவில்லை.

"நாத்தம் உம்மேல இல்லம்மா. எம்மேல இருந்தது. பல்லு வேரு உள்ள போயி அழுகிப்போச்சு. டாக்டரு எடுத்துட்டாரு." தீப்பெட்டியைத் திறந்து தரையில் வைத்துவிட்டு விலகி நின்றேன்.

அவள் வந்து குனிந்து பார்த்தாள். "இவ்ளோ சின்னதா?"

"நான் பண்ணது பெரிய பாவம். வீட்டுக்கு வாம்மா."

நிமிர்ந்து, பழையபடி தள்ளிப் போய் நின்றாள். "இல்ல மாமா" என்றாள். "உங்களுக்கு இருந்தது உங்களுக்கு. எனக்கும் இருக்குது. எனக்கே வருது. தெனம் குளிச்சும் வருது. நைனா இல்லன்றாரு, அம்மா இல்லன்றாங்க. அவங்க பெத்தவங்க, அப்படித்தான் சொல்லுவாங்க."

"சத்தியமா இல்லம்மா."

அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த கைகளை முன்னால் கொண்டுவந்தாள். முதல் தடவையாகக் கிட்டே வந்து இரண்டு உள்ளங்கையையும் என் முகத்துக்கு நேராக நீட்டினாள். பழைய வெடிப்புகள் எல்லாம் கோடு கோடாகத் தெரிந்தன. "நீங்க மோந்து பாத்து சொல்லுங்க. உங்க மூக்கு இல்லன்னு சொன்னா நம்பறேன். இப்பவே கெளம்பி வந்துடறேன்."

மூக்கு செத்துவிட்டது என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சாக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாள், வர மாட்டாள் என்று பயந்தேன். இன்னொன்றும் உண்டு. செத்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை, அந்தத் திமிர் அப்போதும் போகவில்லை. அவள் கைகளைப் பிடித்து, மண்டியில் முகர்கிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன்.

"ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருக்குது. ஒரு வாடையும் இல்ல."

அவள் கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். தானும் ஒரு தரம் முகர்ந்து பார்த்தாள்.

"கருவாடு ஆய்ஞ்சுகினு இருந்தேன் மாமா" என்றாள். "கூப்பிட்டாங்கன்னு கையக் கூடக் கழுவாம வந்தேன்."

குழந்தையைத் தூக்கப் போனவள் நின்று, கையைப் பார்த்துவிட்டு, தூக்காமல் பின்கட்டுக்குப் போனாள். தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. கை தேய்க்கிற சத்தம் கேட்டது. நான் தீப்பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தெருவுக்கு இறங்குகிற வரைக்கும் அது நிற்கவில்லை.